வாய்க்கரிசி போடுகிற கை

பாப்பாயியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள், சபைப் பத்திரிகையில் போடலாம் என்று போதகர் ஐயா சொல்லியனுப்பியிருந்தார். எப்படி எழுத வேண்டும் என்றும் அவரே சொல்லிவிட்டார். எழுத்தறியாத மலைப்பெண், சுவிசேஷப் புத்தகம் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடமாகச் சொன்னவள், உபதேசியார் இல்லாத ஊரில் ஒரு சபையைத் தாங்கினவள், படிப்பவர்களுக்கு உற்சாகம் உண்டாகும்படி எழுதவும் என்று. உற்சாகமாம்! இந்த மனுஷருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதது அவர் குற்றமும் அல்ல. தெரிந்தவன் நான் ஒருவன்தான். இத்தனை வருஷமாக வாயை மூடிக்கொண்டு இருந்தவனும் நான்தான்.

அதனால் ஒரு பக்கத்தில் முடியாது. போட்டால் போடட்டும், கிழித்தால் கிழிக்கட்டும்.

1921-இல் எனக்கு இருபத்துநான்கு வயது. உபதேசியார் பயிற்சி முடித்த சூட்டோடு என்னைக் கொல்லிமலைக்கு அனுப்பினார்கள். மலைக்கு அனுப்புகிறார்கள் என்றதும் என்னோடு படித்தவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து அங்கே எவனும் தங்குவதில்லை. எனக்கோ தலைகால் புரியாத பெருமை. தகரப் பெட்டியில் வேதப் புத்தகம், ஐந்தாறு சுவிசேஷப் பிரதிகள், காய்ச்சலுக்கான கொயினா மருந்துப் பொட்டலம், இரண்டு வேட்டி. மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஒரு சுமையாளைப் பிடித்துப் பெட்டியை அவன் தலையில் ஏற்றி, ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். விடியக் கிளம்பியவன் மலைமேல் பெரக்கரை நாடு என்கிற பகுதியில் ஒரு சிற்றூருக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

அந்தச் சிற்றூரில் ஜெபத்துக்கு வந்தவை ஏழு குடும்பங்கள். அதில் ஒன்று செல்லமுத்துவின் குடும்பம். அவன் பெண்சாதிதான் பாப்பாயி. அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்திருந்தாள். மூன்றாவதாகச் செல்லமுத்துவே படுத்தபோது என் கொயினாவில் பிழைத்துக்கொண்டான். அதிலிருந்து அவள் ஒரு நாளும் ஜெபத்துக்கு வராமல் இருந்ததில்லை. அவளுடைய தாயும் அண்ணன் காளியண்ணனும் ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார்கள். பாப்பாயி வீட்டு வேலியில் நின்று பார்த்தால் தாய்வீட்டு வாசல் தெரியும். தாய்வீட்டார் ஜெபத்துக்கு வரவில்லை. ஆனாலும் போக்குவரத்து இருந்தது. பலாப்பழம் அறுத்தால் பாதி ஓடையைத் தாண்டி இங்கே வரும்.

பாப்பாயிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மணலில் எழுதிக் காட்டினால் சிரிப்பாள். "இதெல்லாம் எங் கண்ணுக்கு ஏறாதுங்க வாத்தியாரே. நீங்க படிங்க. நான் குத்திக்கிட்டே கேக்கறேன்" என்பாள். அப்படியே ஆயிற்று. அவள் உரலில் சாமை குத்துவாள், பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து நான் படிப்பேன். ஒரு குத்துக்கு ஒரு சொல்லாக அவள் வாய் என் பின்னாலேயே வரும். அந்த மலையில் விடிய விடியப் பாடுகிற பாட்டுகளை எல்லாம் பெண்கள் இப்படித்தான் பிடித்துவைத்திருந்தார்கள். எட்டு மாதத்தில் சுவிசேஷம் முழுவதும் அவள் வாய்க்குள் போய்விட்டது. நான் பக்கத்தைப் புரட்டும் இடம்கூட அவளுக்குத் தெரியும். அந்தச் சொல் வந்ததும் குத்துவதை நிறுத்தி, உலக்கையைக் கை மாற்றிக்கொள்வாள்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம்.

நான் படிக்கும்போது எல்லாரும் அசையாமல் கேட்பார்கள். படித்ததை நிமிர்ந்து விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் போச்சு. ஒருத்தி ஆட்டுக்குட்டியைப் பிடிக்க எழுந்துபோவாள், ஒருவன் வெற்றிலைப் பையை அவிழ்ப்பான். சாமி சொன்னதைக் கேட்க வந்தார்களே தவிர, மீசை முளைத்து மூன்று வருஷம் ஆன என் பேச்சைக் கேட்க வரவில்லை. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். நிமிராமலேயே விளக்கினேன். தலையைக் குனிந்தபடி, விரலை வரியின்மேல் வைத்தபடி, படிக்கிற அதே குரலில் என் பேச்சையும் சேர்த்து ஓட்டிவிட்டேன். ஒருவரும் அசையவில்லை. அட, இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அதைத் திருட்டு என்று அப்போது நினைக்கவில்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் சின்னுசாமி என்பவனின் தகப்பன் இறந்தான். சின்னுசாமி ஆறு மாதமாக ஜெபத்துக்கு வந்துகொண்டிருந்தவன். தகப்பன் செத்ததும் ஊர் முறைப்படி மொட்டை போட்டு, வாய்க்கரிசி போட்டு, எல்லாம் செய்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கப் போகிறவர்கள் என்று மேலிடத்துக்கு நான் எழுதியனுப்பிய பட்டியலில் அவன் பெயர் முதலில் இருந்தது. அவனுக்குத் தகப்பன் போன துக்கம். எனக்கோ என் பட்டியல் போன துக்கம்.

மறுநாள் ஜெபத்தில் வேண்டுமென்றே ஓர் இடத்தை எடுத்துப் படித்தேன். தகப்பனை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்று ஒருவன் சொல்ல, செத்தவர்களைச் செத்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ வா என்று இயேசு சொல்லும் இடம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தலை நிமிராமல், அதே குரலில், "செத்தவர் வாயில் அரிசி போடுகிற கையை நான் பிடிக்கமாட்டேன் என்றார்" என்று சேர்த்துவிட்டேன். சின்னுசாமி எழுந்து போய்விட்டான். அப்புறம் அவன் வரவேயில்லை. பாப்பாயியின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷம் எனக்கே காய்ச்சல் கண்டது. டோலி கட்டி இறக்கினார்கள். பிழைத்ததே பெரிய காரியம். பிறகு கீழே ஓர் ஊரில் வேலை கொடுத்தார்கள், கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தன. மலைக்கு யாராவது உபதேசியார் வருஷத்துக்கு இரண்டு தரம் போய், நாலு நாள் இருந்துவிட்டு ஓடி வருவார். மற்ற நாளெல்லாம் சபையைப் பார்த்துக்கொண்டவள் பாப்பாயி. நான் விட்டுவந்த சுவிசேஷப் பிரதியை ஒரு பலகைமேல் விரித்து வைத்து, அதன்மேல் தலை குனிந்து, ஞாயிறுதோறும் சொல்லுவாளாம். இது கீழே எங்களுக்கு ஒரு கதைபோல வந்து சேரும். நானும் நாலு பேரிடம் "அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்" என்று மார்தட்டிக்கொண்டேன். படித்தவர் யாராவது வந்தால் மட்டும் அவள் சொல்லமாட்டாளாம். படிச்சவங்க முன்னால எனக்கு வாய் வராது என்று மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். அதனால் எவரும் அவள் சொல்லுவதைப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்ததில்லை.

1937-இல் புதிதாக அச்சடித்த வேதப் புத்தகங்களும், சபைகளில் பாடம் நடத்துகிற புத்தகங்களும், பெரிய வண்ணப்படச் சுருள் ஒன்றும் வந்தன. மலைச்சபைகளுக்கு இவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்து, எப்படி உபயோகிப்பது என்று காட்டிவிட்டு வர ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். நானே போகிறேன் என்றேன். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஏறுகிறேன். மூச்சு வாங்கியது, ஆனால் மனசு துள்ளியது.

செல்லமுத்து இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. பாப்பாயிக்குத் தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வாத்தியாருங்களா! அட சாமீ, இப்பத்தான் எங்க ஊட்டுக்கு வழி தெரிஞ்சுதுங்களா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெபத்துக்கு எல்லாரும் கூடினார்கள். நீயே சொல்லம்மா, நான் கேட்கிறேன் என்றேன்.

"உங்க வாயில இருந்து வந்ததுதானுங்களே. உங்க முன்னால எனக்கு என்னங்க வெக்கம்" என்று அவள் பழைய பிரதியை விரித்து, தலை குனிந்து ஆரம்பித்தாள். நான் புதுப் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டு கூடவே போனேன். ஒரு சொல் பிசகவில்லை. பக்கம் புரட்ட வேண்டிய இடத்தில் புரட்டினாள். ஆகா, என்ன ஞாபகம் என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

சுங்கக்காரர்கள் வருகிற இடம் வந்தது. "அவர்கள் நம்ம பாரஸ்டுக் காவக்காரர்களைப் போன்றவர்கள்" என்றாள். என் விரல் நின்றது. புத்தகத்தில் அது இல்லை. அது என் வாக்கியம். சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். கொஞ்சம் தள்ளி, "ஜெபத்துக்கு வருகிறவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு வராதிருங்கள் என்றார்" என்றாள். சுற்றிலும் பார்த்தேன். ஒருவர் வாயும் சிவக்கவில்லை. பதினாறு வருஷமாக அந்த ஏழு குடும்பமும் ஆண்டவர் சொல்லிவிட்டார் என்று ஜெபநாளில் வெற்றிலையைத் தொடவில்லை. சிரிப்பு போய்விட்டது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வராமல் இருக்க வேண்டுமே என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

வந்தது. "செத்தவர் வாயில் அரிசி போடுகிற கையை நான் பிடிக்கமாட்டேன் என்றார்."

அதே என் குரல், அதே என் ஆத்திரம். அவள் பாட்டுக்கு மேலே சொல்லிக்கொண்டு போனாள்.

ஜெபம் முடிந்ததும் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த அரிசி வார்த்தை இருக்குதுங்களே, அதுலதானுங்க எனக்குப் பரீச்சை வந்துச்சு" என்றாள். பிறகு சொன்னாள். நான் இறங்கிப் போன நாலாம் வருஷம் ஆடி மாதத்தில் அவள் தாய் இறந்தாள். அந்த மலையில் மூத்த மகள்தான் முதல் பிடி சாமையரிசியைத் தாயின் வாயில் போட வேண்டும். அவள் போடாமல் வேறு ஒருவரும் போட முடியாது. காளியண்ணன் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டான். இவள் வேலியைத் தாண்டவில்லை. மழை கொட்டியது. பிணம் வாசல் பந்தலில் இரண்டு நாள் காத்திருந்தது. இங்கே நின்றால் எல்லாம் தெரியும். காளியண்ணன் ஓடையில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று கும்பிட்டான். தங்கையைக் கும்பிடுகிற அண்ணனை அந்த மலையில் ஒருவரும் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் வெறும் வாயோடு கிழவியைத் தூக்கிப் போனார்கள். எனக்குத் தங்கச்சி இல்லை என்று ஓடையில் நின்றே சொல்லிவிட்டு அவன் போனான். அதற்கப்புறம் ஒரு பேச்சு இல்லை, ஒரு பலாச்சுளை இந்தப் பக்கம் வரவில்லை.

"வெசனமாத்தானுங்க இருந்துச்சு. நெஞ்சு வெடிச்சிரும்போல இருந்துச்சு. ஆனா ஆண்டவரு அப்பிடி வெட்டி முறிச்சுச் சொல்லிப்போட்டாருங்களே, நான் என்ன பண்டறது? அவரு கையை உட்டுப்போட்டா எனக்கு ஆரு இருக்கறாங்க?" என்றாள். நான் சரியாகச் செய்தேனா என்று கேட்கிற முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

"ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. படச்சுருளைத் தொங்கவிட்டுப் படம் படமாக விளக்கினேன். பாடப் புத்தகத்தை எப்படி நடத்துவது என்று காட்டினேன். செவ்வாய்க்கிழமை காலையில் இறங்கிவிடலாம் என்று பெட்டியைக் கட்டினேன்.

அப்போதுதான் பொன்னாயி ஓடிவந்தாள். அவளும் சபைக்காரிதான், பாப்பாயி வயதுதான். வாழவந்தி நாட்டிலிருந்து அவள் தம்பி கருப்பண்ணன் வந்து தெருவில் நின்றுகொண்டிருந்தான். அவள் தாய்க்கு முடியவில்லை, இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டு கிடக்கிறாள். பொன்னாயி மூத்த மகள்.

"அக்கா, கூப்புட வந்திருக்கறான். நான் போறதா வேண்டாமா? வார்த்தை என்ன சொல்லுது, சொல்லக்கா" என்று அழுதாள்.

பாப்பாயி சாமை குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை நின்றது. தலையைக் குனிந்துகொண்டாள். பொன்னாயியைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"அப்ப எங்கம்மாளும் வெறும் வாயோடதான் போவோணுமா?" என்று பொன்னாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்தால் பொன்னாயி வீட்டுக்குப் போய்விடுவாள், நான் காரவள்ளிக்கு இறங்கிவிடுவேன், யாருக்கும் எதுவும் தெரியாது என்று நினைத்தேன். பெட்டிக் கயிற்றைக்கூட இறுக்கினேன். தெருவில் கருப்பண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்ததும் ஓடைத் தண்ணீரில் கும்பிட்டுக்கொண்டு நின்ற இன்னொருவன் ஞாபகம் வந்துவிட்டது.

"அது புத்தகத்தில் இல்லை" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "அரிசி போடுகிற கை என்கிற பேச்சு புத்தகத்தில் இல்லை. அது நான் சொன்னது. சின்னுசாமிமேல் இருந்த கோபத்தில் நானாகச் சேர்த்தது."

பாப்பாயிக்கு முதலில் விளங்கவில்லை. "படிங்க" என்றாள். புதுப் புத்தகத்தைப் பிரித்து அந்த இடத்தைப் படித்தேன். "இன்னொருக்காப் படிங்க." படித்தேன். மூன்றாம் தரமும் படிக்கச் சொன்னாள். அவள் உதடு கூடவே வந்தது. அந்த இடம் வந்ததும் என் குரல் நின்றது, அவள் உதடு மட்டும் மேலே போயிற்று. அப்புறம் அதுவும் நின்றது.

"நீங்க அன்னிக்கு தலையக் குனிஞ்சுதானே சொன்னீங்க?"

"ஆமாம்."

"வெரலு புத்தகத்துமேலதானே இருந்துச்சு?"

"ஆமாம் பாப்பாயி."

"அப்பிடிச் சொன்னா நாங்க ஆரு சொன்னதுன்னு நெனப்போம்?"

பாப்பாயி உலக்கையைச் சாத்திவைத்துவிட்டு, குத்திய சாமையிலிருந்து இரண்டு கையும் சேர்த்து அள்ளிப் பொன்னாயியின் முந்தானையில் போட்டு முடிந்தாள். "போ கண்ணு, ஓடு. உசுரு இருக்கறப்பவே போயி மொகத்தைப் பாரு" என்று அவளைத் தாட்டிவிட்டாள். பொன்னாயியும் கருப்பண்ணனும் ஓடினார்கள்.

பாப்பாயி வேலிப் பக்கம் போய் நின்று ஓடைக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை. திரும்பாமலேயே பேசினாள்.

"ரெண்டு நாளு அங்கதானுங்க கெடந்துச்சு எங்கம்மா. மழையில ஓலைப் பந்தலு ஒழுகி மொகமெல்லாம் தண்ணி. அண்ணன் தொடைச்சுக்கிட்டே உக்காந்திருந்தான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒண்ணு பண்டோணுமுங்க. எங்கண்ணங்கிட்ட வந்து இதைச் சொல்லோணும். நான் சொன்னா அவன் நம்பமாட்டான். பெத்தவள உட்டுப்போட்டுப் பொய்யும் சொல்றாளுன்னு நெனப்பான். நீங்க படிச்சவரு, நீங்க சொன்னா நம்புவான்."

"சாயங்காலம் போகலாம்" என்றேன்.

சாயங்காலம்வரை நான் அங்கே இல்லை. காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிறது, கீழே போய் மருந்து வாங்க வேண்டும் என்று மத்தியானமே சுமையாளைக் கூப்பிட்டு இறங்கிவிட்டேன். காய்ச்சல் வரவில்லை. ஒரு மலைக்காரன் முன்னால் போய் நின்று, உன் தாய் வெறும் வாயோடு போனதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பாப்பாயி எதுவும் கேட்கவில்லை. "பாத்துப் போங்க, பாறை வழுக்கும்" என்றாள். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

காரவள்ளியில் கடை வைத்திருந்த ஜெய்லானி ராவுத்தர் மிளகு வாங்க மாதம் ஒரு தரம் மலையேறுவார், அதை விற்க என் ஊர்ச் சந்தைக்கும் வருவார். அவரிடம் பாப்பாயி சொல்லியனுப்பினாள், வாத்தியாரு எப்ப வாராருன்னு. மழை விடட்டும் என்றேன். மறுவருஷமும் சொல்லியனுப்பினாள். பரீட்சை முடியட்டும் என்றேன். எந்தப் பரீட்சை என்று அந்த மனுஷர் கேட்கவில்லை, நல்லவேளை. அதற்கப்புறம் அவள் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை.

ஒரு நாள் ராவுத்தர் தாமாகவே சொன்னார். "அந்தம்மா ஞாயித்துக்கெழம ஜெபத்துல வேதம் சொல்லுதுங்களே, வெளியில மூட்டை கட்டிக்கிட்டே கேட்டேனுங்க. குனிஞ்ச தலையோட சொல்லிக்கிட்டே வந்து ஒரு எடத்துல தலையத் தூக்கிருதுங்க. 'அரிசி போடற கையப் பிடிக்கமாட்டேன்கிறது புத்தகத்துல இல்ல, அதை நம்பி நான் எங்கம்மாளை உட்டேன்'னு சொல்லிப்போட்டுத் திரும்பக் குனிஞ்சுக்குது. ஒவ்வொரு தரமும் இப்பிடித்தானாம். அது ஏனுங்க?"

அந்த வாக்கியத்தை அவளால் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை. உலக்கையோடு சேர்ந்து ஏறியது, போகவில்லை. அதனால் தன் தப்பையும் அதன் பின்னாலேயே கட்டிவிட்டாள்.

"யார் சேர்த்தது என்று சொல்கிறாளா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. ஆரு பேரும் சொல்லலீங்க" என்றார் ராவுத்தர்.

இந்த வருஷம் தை மாதம் பாப்பாயி இறந்துபோனாள். செய்தி வந்ததும் மனைவி, பிள்ளை ஒருவரிடமும் சொல்லாமல் ஏறினேன். சபை இப்போது பதினொரு குடும்பம். கீழேயிருந்து புதிதாக வந்திருந்த உபதேசியார் ஒருவர் அடக்கத்துக்கு எல்லாம் ஒழுங்கு செய்திருந்தார். கண்டிப்பானவர். என் பழைய மிடுக்கு அப்படியே அவரிடம் இருந்தது. வாசலில் பாயில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அந்தப் பழைய பிரதி, அட்டை போய், ஓரமெல்லாம் கறுத்து. பொன்னாயி காலடியில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்து தூக்கப் போகும்போது ஓடைப் பக்கம் சலசலப்பு கேட்டது.

காளியண்ணன் வந்துகொண்டிருந்தான். தடியை ஊன்றி, தண்ணீரில் காலால் தடவித் தடவி. ஓடையை இந்தப் பக்கம் தாண்டுவது இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. கண் இரண்டும் மங்கிவிட்டிருந்தது. வலதுகை மூடியிருந்தது. என்ன கொண்டுவருகிறான் என்று கேட்க வேண்டியதே இல்லை.

உபதேசியார் குறுக்கே போனார். "பெரியவரே, எங்கள் முறையில் இதெல்லாம் கிடையாது. தள்ளி நின்று பாருங்கள்."

"எங்கம்மாதான் வெறும் வாயோட போனா. எந் தங்கச்சியுமா அப்பிடிப் போவோணும்?" என்றான் காளியண்ணன். சண்டைக் குரல் இல்லை. கெஞ்சினான்.

நான் முன்னால் போனேன். "காளியண்ணன் கவுண்டரே, நான்தான் அந்தப் பழைய வாத்தியார். உங்கள் அம்மாளுக்கு அரிசி போடக் கூடாது என்று ஆண்டவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவர் சொன்னதுபோலச் சொன்னேன். உங்கள் தங்கச்சி அதை நம்பிவிட்டாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை."

உபதேசியார் என்னை விறைத்துப் பார்த்தார். பொன்னாயியைத் தவிர மற்றவர்களுக்கு, சேர்த்தது யார் என்று அப்போதுதான் தெரிந்தது. காளியண்ணன் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"ஏழெட்டு வருசமா எந் தங்கச்சி வேலியோரம் நின்னு இதையேதானுங்க கத்திக்கிட்டு இருந்தா. 'அது ஆண்டவரு சொன்னதில்லையாம் அண்ணா, வாத்தியாரே வந்து சொல்லுவாரு'ன்னு. வாத்தியாரு வரவே இல்லீங்களே. பொய்யின்னுதானுங்க நான் நெனச்சேன். நானும் பேசாமயே இருந்துபோட்டேன்."

அவன் என்னைத் தாண்டிப் பாய்வரைக்கும் போய், தடியைக் கீழே போட்டுவிட்டு மண்டி போட்டான். மூடிய கை காற்றில் இங்கும் அங்கும் தடுமாறியது. விரலிடுக்கில் இரண்டு மூன்று அரிசி சிந்தியது.

"வாயி எங்க இருக்குதுன்னு தெரியலீங்களே. ஆராச்சும் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றான்.

ஒருவரும் நகரவில்லை. நான் அவன் பக்கத்தில் மண்டி போட்டு, அந்தக் கையைப் பிடித்து, அவள் வாய்க்குக் கொண்டுபோனேன்.